ஜியாலஜி படித்த பெண்களுக்கு அரசு வேலை கிடையாதா?

"ஜியாலஜி படித்தால் சுரங்க வேலை மட்டும்தான், அதிலும் பெண்களை எடுக்கவே மாட்டார்கள்" என்று கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு வழியாக இந்தியப் புவியியல் ஆய்வு மையத்துக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் ஆள் எடுக்கிறார்கள். பெண்களும் எழுதலாம். நிலச்சரிவு ஆய்வு, கனிம வரைபடம், நீர்வள ஆய்வு என்று வேலை விரியும். அந்த ஆய்வு மையத்தில் பணியாற்றிய சுதீப்தா சென்குப்தா என்ற பெண் 1983-இல் அண்டார்டிகாவுக்கே போனவர்.

சரி, இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? 1952-ஆம் ஆண்டு சுரங்கச் சட்டம், பூமிக்கு அடியில் பெண்கள் வேலை செய்யத் தடை விதித்திருந்தது. திறந்தவெளிச் சுரங்கங்களில் பகல் வேலைக்கு அப்போதும் தடையில்லை. 2019-இல் மத்திய அரசு, எழுத்துபூர்வ சம்மதத்துடன் தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாகப் பணிகளுக்காகப் பெண்கள் பகலில் சுரங்கத்துக்குள் இறங்க அனுமதித்துவிட்டது. பழைய தடையை இன்னும் பரப்பி மாணவிகளைப் பயமுறுத்துவது அநியாயம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: யு.பி.எஸ்.சி.யின் அந்தத் தேர்வுக்கு பி.எஸ்சி. போதாது, முதுநிலைப் பட்டம் வேண்டும்.