ஸ்வீடனுக்கு யூரோ விலக்கு உண்டா?
டென்மார்க்கைப் போல ஸ்வீடனுக்கும் யூரோவில் சேராமலிருக்க ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தப்படி விலக்கு உண்டு என்று சிலர் சொல்கிறார்கள். சின்னத் திருத்தம்: அந்த விலக்கு டென்மார்க்குக்கு மட்டும்தான். தகுதி பெற்றதும் சேர வேண்டிய கடமை ஸ்வீடனுக்கு இருக்கிறது. ஆனால் 2003 செப்டம்பர் வாக்கெடுப்பில் சுமார் 56 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். சேருவதற்கு முன் குறைந்தது இரண்டு ஆண்டுகள் இருக்க வேண்டிய, நாட்டின் நாணய மதிப்பை யூரோவோடு ஒட்டி வைக்கும் மாற்று விகித ஏற்பாட்டில் (இஆர்எம் 2) ஸ்வீடன் நுழையவே இல்லை, தகுதியும் வரவில்லை. வேடிக்கை என்னவென்றால், விலக்கு வாங்கிய டென்மார்க் அதே ஏற்பாட்டில் தன் நாணயமான குரோனை யூரோவோடு கட்டி வைத்திருக்கிறது.

சரிபார்க்க நினைப்பவர்கள் ஐரோப்பிய மத்திய வங்கியின் தளத்தில் 2024ஆம் ஆண்டின் 'கன்வர்ஜென்ஸ் ரிப்போர்ட்'டை (யூரோவில் சேர நாடுகள் எவ்வளவு தயார் என்று மதிப்பிடும் அறிக்கை) திறந்து பாருங்கள். மதிப்பிடப்பட்ட நாடுகளில் ஸ்வீடன் இருக்கும், டென்மார்க் இருக்காது.