கொக்குப் பட்டமும் சமச்சீரும்

சித்திர ஆசிரியரின் மனநிறைவு சம்பளத்தில் இல்லை என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; அது சரி. நானும் யாழ்ப்பாணத்தில் இதே பாடம்தான் படிப்பிக்கிறேன். தரம் 10 வகுப்பில் அலங்கார வடிவமைப்புக்குப் பட்டம் வரையச் சொன்னேன். கணக்கில் பின்தங்கிய ஒரு பெடியன், வல்வெட்டித்துறைக்காரன். தைப்பொங்கலுக்கு, காற்றில் கூவுகிற விண் கட்டிப் பட்டம் ஏற்றுகிற வீடு. தாளை நடுவில் மடித்துக் கொக்குப் பட்டத்தின் ஒரு செட்டையை மட்டும் வரைந்தான்.

“மற்றது எங்கேயடா?”

“ரெண்டு செட்டையும் ஒரே பாரம் இல்லாட்டி சரிஞ்சு போடும் சேர், அதான் மடிச்சு வெட்டப்போறன்.”

இரு பக்கமும் ஒன்றுபோல இருப்பதைச் சொல்லும் ‘சமச்சீர்’ என்ற சொல்லைக் கரும்பலகையில் அதற்குப் பிறகுதான் எழுதினேன். சித்திரம் போன்ற அழகியல் பாடம் என்றால் சும்மா ‘ஏ’ எடுக்கத்தான் என்கிற பெற்றோர் அன்று வகுப்பில் இருந்திருக்க வேண்டும்! இந்தப் பொங்கலுக்குத் தன் பட்டத்தைப் படமெடுத்து அனுப்பினான். வாலுக்குச் சிவப்பு கொஞ்சம் கூடிப்போச்சு என்று பதில் போட்டேன்.