கூகுள் ஆட்ஸ் சான்றிதழுக்குப் பணம் கட்ட வேண்டுமா?

"கூகுள் ஆட்ஸ் சான்றிதழுக்குப் பணம் கட்டிப் பதிவு செய்யுங்கள். ஒருமுறை வாங்கினால் ஆயுள் முழுக்கச் செல்லும், டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை உறுதி" என்ற பேச்சு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மூன்றுமே தவறு.

கூகுள் ஆட்ஸ் என்பது கூகுளில் விளம்பரம் கொடுப்பதற்கான கருவி. அதற்கான பாடமும் தேர்வும் கூகுளின் ஸ்கில்ஷாப் என்ற பயிற்சித் தளத்தில் இலவசம். தேர்ச்சிக்கு 80 சதவீதம் வேண்டும். சான்றிதழ் ஓராண்டுதான் செல்லும். அப்புறம் மறுபடி எழுத வேண்டும். இந்தத் துறையில் கருவிகள் அவ்வளவு வேகமாக மாறுகின்றன. 2018 வரை ஆட்வேர்ட்ஸ் என்றிருந்ததுதான் இன்றைய கூகுள் ஆட்ஸ். இணையதளத்துக்கு யார் வருகிறார்கள் என்று அளக்கும் கூகுளின் கருவியும் மாறியது: 2023 ஜூலையில் பழைய யுனிவர்சல் அனலிடிக்ஸ் நிறுத்தப்பட்டு, ஜிஏ4 (கூகுள் அனலிடிக்ஸ் 4) அதன் இடத்துக்கு வந்தது.

சரி, வேலை? அதற்குக் கூகுள் உத்தரவாதம் தருவதில்லை. நேர்காணலில் கேட்பது வேறு: எந்தத் தேடல் சொற்களுக்கு ஏன் செலவிட்டீர்கள், ஒரு வாடிக்கையாளரைப் பெற எவ்வளவு ஆனது, பலன் தராத விளம்பரத்தை எப்போது நிறுத்தினீர்கள்? தெரிந்தவரின் சிறு கடைக்கு விளம்பரம் நடத்திப் பார்த்தவரால் இதற்குப் பதில் சொல்ல முடியும். வெறும் சான்றிதழ் சொல்லாது.

பயிற்சி நிலையம் கற்றுத்தரக் கட்டணம் வாங்கலாம், அது நியாயம். 'கூகுள் தேர்வுக் கட்டணம்' என்று தனியாகக் கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.