முதலில் பாடிக், அப்புறம்தான் ஓவியர் கிராமம்

"சத்தமில்லாத கிராமமாகப் பார்த்து ஓவியர்கள் நாலு பேர் சேர்ந்து குடியேறிவிட வேண்டும்." இந்த ஆசையை யாராவது அடிக்கடி இங்கே எழுதுகிறார்கள். கூடவே சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் படம் ஒன்றும் இருக்கும். மரநிழல், கல்லில் ஒரு சிற்பம். ஆசைப்படட்டும், தப்பே இல்லை. ஆனால் அமைதியைத் தேடிப் போனதால்தான் சோழமண்டலம் பிறந்தது என்று சொல்லும்போதுதான் எனக்குப் பொறுப்பதில்லை.

அது பிறந்தது வயிற்றுப்பாட்டில். கே.சி.எஸ். பணிக்கர் அப்போது சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வர். நன்றாக வரையும் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் பிழைப்புக்காகத் தூரிகையைக் கீழே வைத்துவிடுவது அவரை உறுத்தியது. நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்க அன்றைய சென்னையில் ஆள் ஏது? அதனால் அவரும் மாணவர்களும் சேர்ந்து முதலில் ஒரு கைவினைச் சங்கம் வைத்தார்கள். மெழுகும் சாயமும் கொண்டு உருவம் போடும் பாடிக் துணி செய்து விற்றார்கள்.

பாடிக் லேசான வேலை இல்லை. மெழுகை உருக்கி, அது ஆறுவதற்குள் துணியில் கோடு இழுக்க வேண்டும். சாயத்தில் முக்கினால் மெழுகு பட்ட இடம் மட்டும் தப்பிக்கும். மெழுகு விரிசல் விட்ட இடங்களில் சாயம் நூல் நூலாக உள்ளே இறங்கும். அடுத்த நிறத்துக்கு மறுபடி மெழுகு, மறுபடி சாயம். கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை எடுக்க வேண்டும். இப்படிச் சேர்ந்த பணத்தில்தான் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். ஊருக்கு வெளியே வெறும் கடலோர மணலாகக் கிடந்ததால் அவர்கள் கைக்கு எட்டிய விலையில் கிடைத்தது. அமைதி அந்த விலையோடு சேர்ந்து வந்தது, அவ்வளவுதான்.

பிரான்சிலும் இதே கதைதான். 1886இல் ஓவியர் கோகன் பொந்த்-அவென் கிராமத்துக்குப் போனதற்கு முக்கியமான காரணம், அங்கே குறைந்த செலவில் சாப்பிட்டுத் தங்க முடியும் என்பது.

கைவினை செய்தால் கலை நீர்த்துப்போகும் என்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் சோழமண்டலத்துக் கலைஞர்களில் ஒருவரான பி.வி. ஜானகிராமின் சிற்பங்களைப் பார்க்க வேண்டும். உலோகத் தகட்டைத் தட்டித் தட்டி உருவம் எழுப்பியிருப்பார். கோயில் சிலைக்குச் சாத்தும் கவசம் கண்முன் வரும், ஆனால் அது முழுக்க நவீனச் சிற்பம். அதே கிராமத்து எஸ்.ஜி. வாசுதேவ் செப்புத் தகட்டில் செய்தவையும், நந்தகோபாலின் உலோக வேலைகளும் பட்டறைப் பழக்கம் இல்லாமல் வந்திருக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை.

இப்போது அந்த இடம் கிழக்குக் கடற்கரைச் சாலைப் போக்குவரத்துக்கு நடுவே இருக்கிறது. ஒரு இளம் ஓவியர் அந்த வட்டாரத்தில் மனை விலை கேட்டால் தலை சுற்றும். அமைதி போய்விட்டது, சோழமண்டலம் போகவில்லை. காரணம், நிலம் ஓவியர்களின் பெயரில் இருந்தது. வாடகைக்கு இருந்திருந்தால் என்றைக்கோ காலி செய்யச் சொல்லியிருப்பார்கள்.

இதையெல்லாம் விட்டுவிட்டு, "ஓவியர் கிராமம்" என்று பெயர்ப்பலகை மாட்டி வார இறுதிக்கு அறை வாடகைக்கு விடும் ரிசார்ட்டுகளை அதே வரிசையில் வைக்காதீர்கள். அங்கே ஓவியர் அலங்காரம், முதலாளி வேறு ஆள்.

உண்மையிலேயே சேர்ந்து நிலம் வாங்கும் யோசனையில் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். பாடிக்குக்குப் பதிலாக எதை விற்கப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.