வழக்குப் போட்டது யார்?
“சுரங்கத்தைத்தான் மூடிவிட்டார்களே, அப்புறம் ஓடையில் எப்படி யுரேனியம் வரும்? ஊர்க்காரர்கள் பணம் பறிக்கப் போட்ட வழக்கு” என்று மேலே எழுதிய அண்ணாவுக்கு: அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள ஸ்வார்ட்ஸ்வால்டர் யுரேனியச் சுரங்கத்தில் 2000இல் வேலை நின்றது சரி. ஆனால் வேலை நடக்கும்வரைதான் ஊற்றுநீரை மோட்டார் வைத்து இறைப்பார்கள். இறைப்பது நின்றால் சுரங்கம் நிரம்பும். காற்றுப்பட்ட பாறையிலுள்ள யுரேனியம் அந்த நீரில் கரையும். அந்த நீர் பக்கத்து ஓடைக்குக் கசியும். நம் சேலத்து மேக்னசைட் குழிகளில் தண்ணீர் தேங்கி நிற்பதைப் பார்த்ததில்லையா? (சேலத்தில் இருப்பது யுரேனியச் சுரங்கம் இல்லை, பயப்பட வேண்டாம்.)

அப்புறம் அந்த வழக்கு. நீரை இறைத்துச் சுத்திகரிக்கச் சொல்லி 2010இல் மாநில அரசுத் தரப்பு உத்தரவு போட்டது. அதை எதிர்த்து நீதிமன்றம் போனதே அந்தச் சுரங்கத்தை நடத்திய காட்டர் நிறுவனம்தான். ஓடை போய்ச் சேரும் ரால்ஸ்டன் நீர்த்தேக்கமோ டென்வர் மக்களுக்குக் குடிநீர்.