ஐபியு (காற்று மாசுக் குறியீடு) ஐம்பதுக்குக் கீழேயாம், காற்று சுத்தமாம்!

விடிந்தால் போதும், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தாமான் (குடியிருப்பு) முழுக்க மண்ணெண்ணெய் அடுப்பை ஊதி அணைத்த மாதிரி ஒரு வாடை. ஜன்னலைச் சாத்தினாலும் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மேலே பறக்கிற விமானத்தின் வாடை இல்லை இது. தரையில் விமானங்கள் வரிசை கட்டி ஊர்ந்து நிற்கும்போது இஞ்சின் எண்ணெயை அரைகுறையாக எரித்துத் துப்புகிறதே, அது.

அதிகாரிகளிடம் புகார் செய்தால் ஒரே பதில்: "ஐபியு ஐம்பதுக்குக் கீழேதான் இருக்கு, நல்ல நிலை."

எதை அளந்து சொல்கிறீர்கள் ஐயா? பிஎம் 10, பிஎம் 2.5 (10, 2.5 மைக்ரோமீட்டர் அளவுக்குள் அடங்கும் தூசி), ஓசோன், இன்னும் மூன்று வாயு. விமான இஞ்சின் கக்கும் துகள்களில் பெரும்பாலானவை 100 நானோமீட்டருக்கும் சிறியவை. பிஎம் 2.5-ஐ எடை போட்டுத்தான் கணக்கெடுக்கிறார்கள். இந்தப் பொடிக்கு எடை இல்லாத மாதிரிதான். லட்சக்கணக்கில் நுரையீரலுக்குள் இறங்கினாலும் உங்கள் கருவிக்கு ஒன்றும் தெரியாது. நுரையீரலோடு நிற்பதும் இல்லை, இரத்தத்தில் கலக்கக்கூடியது. லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தைச் சுற்றி அளந்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. காற்று வீசும் திசையில் 16 கிலோமீட்டர் வரைக்கும் இந்தத் துகள் வழக்கத்தைவிட இரண்டு மடங்காவது இருந்தது. எங்கள் தாமான் ஓடுபாதைக்கு அதில் பாதித் தூரம்கூட இல்லை!

பக்கத்து வீட்டு அக்கா மகனுக்கு இழுப்பு. பள்ளிப்பையில் புத்தகத்தோடு இன்ஹேலரும் போகிறது. விமானம்தான் காரணம் என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் அளக்காமலேயே "அதெல்லாம் இல்லை" என்று கையை விரிக்க இவர்கள் யார்?

செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்கு ஊற்றுகிற யூரோ 5 டீசலில் கந்தகம் 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) மேல் இருக்கக் கூடாது. விமான எண்ணெய்க்கு? 3,000 பிபிஎம் வரை போகலாம். ஏறக்குறைய உலகம் முழுக்க அதுதான் விதியாம். நல்ல விதி! அந்த விமானத்தில் ஏறாதவர்கள்தான் எங்கள் தாமானில் பாதிப் பேர். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு (ஆள்கணக்கெடுப்புக்கு) ஓடி ஓய்ந்த கிழவிகள் எந்த ஊருக்குப் பறக்கப் போகிறார்கள்?

போன வாரம் அப்படி ஒரு பாட்டி வாசலில் கூட்டின சருகைக் கொளுத்தினார். அரை மணி நேரத்தில் ஆள் வந்துவிட்டது. திறந்தவெளி எரிப்பாம், 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டமாம், அபராதமாம். சருகுக்கு இவ்வளவு சட்டம் தெரிந்தவர்களுக்கு, தமிழ்ப்பள்ளிக் கூரையில் துகள் எண்ணும் கருவி ஒன்றை வைக்க மட்டும் தெரியவில்லையா?