பெட்டிக்குள் இருப்பதெல்லாம் பழைய சொதப்பல்கள்

அலுவலகத்தில் ஒரு தம்பி அடுத்த மாதம் குடும்பத்தோடு முதன்முறையாக க்ரூஸ், அதாவது உல்லாசக் கப்பல் பயணம், போகிறான். என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்று இணையத்தில் தேடி எடுத்த ஒரு நீளமான பட்டியலைக் காட்டி, "அக்கா, இதுல எதாவது விட்டுப்போச்சா பாருங்க" என்றான். பார்த்தேன். எதுவும் விட்டுப்போகவில்லை, அதுதான் சிக்கல். தண்ணீருக்குள் படம் எடுக்க போனுக்கு உறை, தொங்கவிடும் ஷூ அடுக்கு, நாலு விதமான சன் ஸ்க்ரீன். கரீபியன் கடலில் ஏழெட்டு நாள் சுற்றுகிற அமெரிக்கர்களுக்காக எழுதிய பட்டியல். இவன் போவது சிங்கப்பூர் மரீனா பேயிலிருந்து மலேசியாவின் பினாங்குக்கு, மூன்றே இரவு.

"இதையெல்லாம் எடுத்துட்டுப் போனா உன்னைத் தனியா ஒரு கப்பல்லதான் ஏத்தணும்" என்றேன். சிரித்தான். பட்டியலை மட்டும் அழிக்கவில்லை.

நாங்கள் 2016-லிருந்து ஆறு முறை போயிருக்கிறோம். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி. விமானம் ஏற வேண்டாம். மரீனா சவுத் பியர் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, பெட்டியை உருட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தால் கப்பல் முனையம். ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறையில் விலை எகிறும் என்பதைத் தவிர எனக்குப் பெரிய குறை இல்லை. ஆறு முறை போனதில் எனக்குத் தெரிந்தது, பட்டியலை யாரிடமும் இரவல் வாங்க முடியாது என்பதுதான். எங்கள் பெட்டியில் இப்போது இருக்கும் ஒவ்வொரு சாமானுக்கும் பின்னால் ஒரு சொதப்பல் இருக்கிறது.

முதல் பயணத்தில் ரைஸ் குக்கர். என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் எங்களுக்குத் தெரியாமல் ஒரு சின்ன ரைஸ் குக்கரைப் பழைய புடவையில் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வைத்துவிட்டார். எல்லாருடைய பெட்டியும் அறை வாசலுக்கு வந்துவிட்டது, எங்களுடையது மட்டும் வரவில்லை. கீழ்த்தளத்தில் பாதுகாப்பு அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். அங்கே போனால் ஒரு வரிசையே நிற்கிறது. இஸ்திரிப் பெட்டியோடு ஒருவர், மின்சாரக் கெட்டிலோடு ஒருவர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸோடு மூன்று பேர், குக்கரோடு நான். சீட்டு எழுதிக் கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டார்கள், இறங்கும் நாளில் திருப்பிக் கொடுத்தார்கள். குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி மாதிரிச் சூடாகும் சாமான்களை அறைக்குள் விடமாட்டார்கள். ஊதுபத்தி, மெழுகுவர்த்தி, கற்பூரம் எல்லாம் அதே கணக்குதான். நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓடுவதற்குத் தெரு கிடையாது.

அத்தைக்கு இதை எப்படிப் புரியவைப்பது என்று யோசித்துக்கொண்டே மேலே வந்தேன். தேவையே இருக்கவில்லை. "சிதம்பரம் கப்பல் எரிஞ்சப்போ நான் இங்கதான் இருந்தேன், எனக்குத் தெரியாதா" என்றார். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிக்கொண்டிருந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. பலர் இறந்துபோனார்கள். அவ்வளவு தெரிந்தவர் எதற்குக் குக்கரை வைத்தார் என்று நான் கேட்கவில்லை. மாமியார் மருமகள் உறவில் கேட்காமல் விடும் கேள்விகள் சில உண்டு.

இப்போது குக்கருக்குப் பதிலாகப் பிரிக்காத ஊறுகாய் பாக்கெட் இரண்டு, பருப்புப் பொடி பாக்கெட் ஒன்று. பஃபேயில் வெறும் சோறும் இருக்கும், இனிப்பில்லாத தயிரும் இருக்கும். கலந்துகொள்ள வேண்டியதுதான். வீட்டில் செய்த சாப்பாட்டைக் கப்பலுக்குள் பொதுவாக அனுமதிப்பதில்லை. அதனால் புளியோதரையை இலையில் கட்டி எடுத்துப்போய், ஏறும் முன்பே முனையத்து நாற்காலியில் உட்கார்ந்து முடித்துவிடுவோம். "அவ்வளவு சாப்பாடு போடுறான், உங்களுக்கு ஊறுகாய் கேக்குதா" என்று நக்கல் அடிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மூன்றாம் நாள் மத்தியானம், சீஸ் வாசனையும் வறுத்த வாசனையும் முகத்தில் அடிக்கும்போது எங்கள் மேசைக்கு வந்து "அந்த மாங்கா ஊறுகாய் கொஞ்சம் கிடைக்குமா" என்று கேட்டவர்கள் உங்கள் கட்சிக்காரர்கள்தான்.

அடுத்தது முதல் நாள் பை. இதை மட்டும் யார் கேட்டாலும் சொல்வேன். பெரிய பெட்டிகளை முனையத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வந்து சேர மாலை ஆகும், சில நாள் இரவுச் சாப்பாட்டு நேரம்கூட ஆகும். நீச்சல் குளமோ மத்தியானமே திறந்திருக்கும். முதல் தடவை எங்கள் பிள்ளைகள் ஜீன்ஸ் பேன்ட்டோடு குளத்தோரம் உட்கார்ந்து மற்றப் பிள்ளைகள் குதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதையாவது விடலாம். அத்தையின் பிரஷர் மாத்திரையும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. பெட்டியோ குக்கர் வழக்கில் கீழே மாட்டிக்கொண்டிருந்தது. இரவு எட்டு மணிவரை எனக்குத்தான் பிரஷர் ஏறியது. இப்போது பாஸ்போர்ட், மாத்திரை, நீச்சல் உடை, சார்ஜர், அத்தைக்கு ஒரு ஸ்வெட்டர் எல்லாம் தோளில் மாட்டும் பையில், கையோடு. ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களையும் கூட்டிப்போகிறீர்கள் என்றால், அவர்கள் விசா சிங்கப்பூருக்குள் மறுபடி நுழைய விடுமா என்று டிக்கெட் எடுக்கும் முன்பே பாருங்கள். கப்பல் கிளம்பினால் நாட்டை விட்டு வெளியே போன கணக்கு.

வாசல் கோலமும் இப்படி வந்ததுதான். கப்பல் தாழ்வாரம் நம் வீவக அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரம் மாதிரி இல்லை. செடித்தொட்டி இருக்காது, செருப்பு அலமாரி இருக்காது, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை ஒரே மாதிரிக் கதவுகள். இரண்டாம் பயணத்தில் அத்தை யாரோ ஒருவர் அறைக் கதவில் எங்கள் அறைச் சாவி அட்டையை வைத்து வைத்துப் பார்த்திருக்கிறார். உள்ளே இருந்த ஆஸ்திரேலியப் பாட்டி கதவைத் திறந்து, உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, பிறகு எங்களைத் தேடிக் கண்டுபிடித்தார். அடுத்த முறை மகள் காந்தத் தாளில் ஒரு சிக்குக் கோலம் வரைந்து வெட்டி எடுத்து வந்தாள். கதவும் சுவரும் பெரும்பாலும் எஃகு என்பதால் காந்தம் பச்சென்று பிடித்துக்கொள்ளும். அதே காரணத்தால் காந்தக் கொக்கி நாலு எடுத்துப் போனால் ஈரத் துணி, தொப்பி, பை எல்லாம் சுவரில் தொங்கும். கதவை அலங்கரிப்பது க்ரூஸ் பிரியர்களின் பழைய வழக்கமாம். எங்களுக்கு அது தெரியாது. அத்தை தொலையாமல் இருந்தால் போதும் என்றுதான் ஆரம்பித்தோம். அந்தப் பாட்டி இப்போது அத்தைக்குத் தீபாவளி வாழ்த்து அனுப்புகிறார்.

கைக்கடிகாரக் கதைதான் கொஞ்சம் கலவரமானது. 2018-ல் புக்கெட். கப்பல் படோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது, சின்னப் படகில்தான் கரைக்குப் போக வேண்டும். தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒரு மணி பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடியது, எங்கள் போன்களோ கரையைத் தொட்டதும் சமர்த்தாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டன. கடைசிப் படகுக்கு இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறது என்று என் கணவர் இரண்டாவது இளநீர் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார். மகன் கையில் ஒரு பிளாஸ்டிக் டிஜிட்டல் வாட்ச். "அப்பா, அஞ்சேகால் ஆச்சு" என்றான். "உன் வாட்ச் தப்புடா." "இல்லப்பா, கப்பல்ல இதேதான் காட்டுச்சு." இளநீரை அப்படியே வைத்துவிட்டு ஓடினோம். மணலில் ஓடுவது இருக்கிறதே, கனவில் ஓடுவது போலத்தான். அத்தையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, ஒரு செருப்பை விட்டுவிட்டு, கடைசிப் படகைப் பிடித்தோம்.

அதிலிருந்து என் அப்பாவின் எச்எம்டி எங்களோடு வருகிறது. சாவி கொடுக்கும் பழைய கடிகாரம். எந்த நாட்டு டவர் வந்தாலும் அது அசையாது. கப்பல் ஏறியதும் அறைத் தொலைபேசியில் காட்டும் நேரத்தைப் பார்த்து வைத்து, தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும். அந்த வேலை மகளுடையது. காதோரம் வைத்து ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் கட்டிக்கொள்வாள். என் அப்பாவும் அப்படித்தான் செய்வார். அவள் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு, இதில் மட்டும் நான் கறார். ஏறியவுடன் அத்தையை, ஆபத்து வந்தால் நாங்கள் போய் நிற்க வேண்டிய அவசரக் கூடல் இடம்வரை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டுத்தான் சாப்பாடு. ஆபத்து வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கப்பலில் சொல்லித்தரும் பாதுகாப்புப் பயிற்சியைப் பலர் வேண்டாவெறுப்பாகச் செய்வதைப் பார்க்கிறேன். 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கன்கார்டியா பாறையில் மோதியபோது, அன்று மாலைதான் ஏறியிருந்த நூற்றுக்கணக்கான பயணிகளுக்கு அந்தப் பயிற்சி இன்னும் நடக்கவே இல்லை. அந்த விபத்தில் 32 பேர் இறந்தார்கள். கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பியவுடனேயோ பயிற்சி நடக்க வேண்டும் என்ற விதி அதற்குப் பிறகு வந்தது. பத்து நிமிஷ வேலை. குறட்டை விடாமல் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

வாந்தி மாத்திரை பற்றித் தம்பி கேட்டான். மலாக்கா நீரிணைக்குச் சுமத்ரா ஒரு பக்கம் மதில் மாதிரி நிற்கிறது, பெரிய அலை அபூர்வம். சென்னையிலிருந்து இலங்கைக்குக் கப்பலில் போய்வந்த என் தங்கை வேறு கதை சொல்வாள், அது வங்காள விரிகுடா. பயமாக இருந்தால் நடுவில், கீழ்த்தளத்தில் அறை கேட்டு வாங்குங்கள். எங்கள் பையில் சுக்குமல்லிப் பொடி பாக்கெட் இருக்கும். முதல் இரவு அதில் வெந்நீர் ஊற்றி மேல்தளத்துக்கு எடுத்துப்போவோம். சிங்கப்பூருக்குத் தெற்கே பிலிப் கால்வாயில் அந்த நீரிணை 2.8 கிலோமீட்டராகக் குறுகிவிடும். அந்த இடுக்கு வழியாகப் போகவும் வரவும் காத்திருக்கும் கப்பல்களின் விளக்குகள் நாலாபக்கமும். அத்தை எண்ண ஆரம்பிப்பார். அறுபதைத் தாண்டியதும் விட்டுவிடுவார்.

வேட்டிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். கடைசி இரவு பெட்டிகளைக் கட்டி அறை வாசலில் வைத்துவிட வேண்டும், இரவே எடுத்துப்போய்விடுவார்கள். மறுநாள் இறங்கப் போட்டுக்கொள்ள ஒரு ஜோடியை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கணவருக்குத் தோன்றவில்லை. காலையில் அவருக்கு மிச்சம் இருந்தது அரை டிராயரும், ஒரு பனியனும், முந்தின இரவு விருந்துக்குக் கட்டிய பட்டு வேட்டியும்தான். டைனோசர் படம் போட்ட பனியனும் பட்டு வேட்டியுமாக இறங்கினார். முனையத்தில் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த தமிழ்ப்பெண் "அங்கிள், கப்பல்ல கல்யாணமா?" என்று கேட்டுவிட்டாள். இப்போது வேண்டுமென்றே வேட்டியோடுதான் இறங்குகிறார். பனியனை மட்டும் நான் அனுமதிப்பதில்லை.

இதெல்லாம் நாங்கள் சேர்த்த பழக்கம். அத்தையுடையது எங்களுக்கு முன்னாலேயே இருந்தது. அவருடைய அப்பா 1936-ல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். பத்தொன்பது வயது. ஒரு ட்ரங்குப் பெட்டி, ஒரு பாய், துணி மூட்டையில் அவலும் வெல்லமும். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஒரு வாரம். பினாங்கில் இறங்கி, குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் வேலை தேடிப் போனாராம். "கரை சேந்த கற்பூரம்" என்பார் அத்தை. 1833-லிருந்து இருக்கும் கோயில் அது. நம் கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து நடந்தே போகலாம். கப்பலில் நெருப்பு கூடாது. அதனால் கற்பூரத்தை எடுத்துப்போவதே இல்லை, கோயில் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்வோம். அவலும் வெல்லமும் மட்டும் பாக்கெட்டில் எங்களோடு வரும். யாரும் பெரிதாகச் சாப்பிடுவதில்லை. ஆனால் வரும்.

2020 கடைசியில் எங்கேயும் நிற்காமல் கடலில் சுற்றிவிட்டுத் திரும்பும் பயணங்கள் விட்டார்களே, அதிலும் போனோம். எல்லாம் இருந்தது, பினாங்கு மட்டும் இல்லை. அத்தை மூன்று நாளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இறங்கிய மறுநாள் சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மனிடம் போய்க் கணக்கைத் தீர்த்த பிறகுதான் சரியானார்.

போன ஜூனில் அவருக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை. கப்பலுக்குள் சக்கர நாற்காலி, வெளியே பினாங்கின் ஜார்ஜ் டவுன் நடைபாதையின் மேடுபள்ளத்துக்கு அது தோதுப்படாது என்று ட்ரைஷா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா பிடித்தோம். கோயிலுக்குள் மகள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கற்பூரம் அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். வெளியே வந்ததும் "மணி என்னம்மா?" என்றார்.

மகள் எச்எம்டியைத் திருப்பிப் பார்த்தாள். "கப்பல் நேரம் பத்தே முக்கால், பாட்டி."

"அப்ப நேரம் கெடக்கு. மூலைக் கடையில டீ நல்லா இருக்கும், வா."